மாதக்கணக்கில் நிற்கும் காருக்குள் எலி புகாமல் தடுக்க

பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாதம் வெளிநாடு போகிறவர்களின் கார், ஊரில் போர்ட்டிகோவிலோ அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலோ உறை போர்த்தி நிற்கும். எலிக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. மழையில் வளைக்குள் தண்ணீர் ஏறினால் காய்ந்த, இருட்டான, யாரும் தொடாத மூலையைத் தேடி வரும். பானெட்டின் உள்பக்கப் பஞ்சு விரிப்பைப் பிய்த்துக் கூடு கட்டும். முன்பல் ஆயுசுக்கும் வளர்ந்துகொண்டே இருப்பதால் ஒயரைக் கொறித்துத் தேய்க்கும். புது கார்களின் ஒயரில் சோயா இருப்பதால்தான் கடிக்கிறது என்பார்கள். சோயா இல்லாத பழைய கார்களின் ஒயரையும் எலி விட்டுவைத்ததில்லை.

சுண்டெலிக்கு 6 மி.மீ. இடைவெளி போதும், வீட்டெலிக்கு 12 மி.மீ. வீட்டெலி நன்றாக ஏறும். டயரைப் பிடித்து ஏறி இன்ஜினுக்குள் போய்விடும். பெருச்சாளி பெரும்பாலும் தரையோடு சரி.

முதல் வேலை நிறுத்தும் இடம். சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி நிறுத்துங்கள். பழைய பேப்பர் கட்டு, அட்டைப்பெட்டி, நாய்த் தீனி, பறவைக்குப் போடும் தானியம் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. காரைத் தொடும் கிளையையும் கொடியையும் வெட்டிவிடுங்கள். காருக்குள் பிஸ்கட் தூள், மிட்டாய், டிஷ்யூ பேப்பர் இல்லாமல் சீட்டுக்கு அடிவரை வேக்குவம் போடுங்கள். கூரை உள்ள இடமென்றால் உறையே வேண்டாம். தரைவரை தொங்கும் உறை எலிக்குக் கூடாரம். தூசிக்காகப் போட்டே ஆகவேண்டுமென்றால் ஓரத்தைச் சக்கரத்துக்கு மேலே சுருட்டிக் கட்டுங்கள். பூட்டிய ஷெட் என்றால் பானெட்டைத் திறந்தே வைக்கலாம். வெளிச்சம் விழும் இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும்.

அடுத்தது ஓட்டை. இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். பகலில் காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது, சர்வீஸில் கழற்றிய இன்ஜின் அடித்தட்டின் புஷ் கிளிப்கள் பாதி திரும்ப மாட்டப்படாமல் தட்டு ஒரு பக்கம் தொங்குவது. பத்து இருபது ரூபாய் கிளிப் அது, வாங்கி மாட்டிவிடுங்கள். பிறகு ஃபயர்வால், அதாவது இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவர். ஆம்ப்ளிஃபயருக்கோ ஃபாக் லேம்புக்கோ ஒயர் இழுத்த ஆக்சசரீஸ் கடைக்காரர் ஒயர் நுழையும் ஓட்டையை அடைக்கும் ரப்பர் வளையமான கிராமெட்டைத் தள்ளிவிட்டு அப்படியே போயிருப்பார். இன்ஜின் பக்கத்திலிருந்து கேபினுக்குள் நேர்வழி அதுதான். சரியான அளவு கிராமெட் போடுங்கள்.

வைப்பருக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரம் இன்னொரு வாசல். அதன் வழியாகத்தான் எலி ஏசி ஃபில்டருக்கு வந்து கூடு கட்டுகிறது. ஹார்டுவேர் கடையில் கால் இஞ்ச் கண் உள்ள ஜிஐ வெல்டு மெஷ் எனும் கம்பிவலை வாங்குங்கள். கொசுவலை, பிளாஸ்டிக் வலை ஒரு ராத்திரி தாங்காது. துவாரத்தைவிட எல்லாப் பக்கமும் 2 செ.மீ. கூடுதலாக வெட்டி, ஓரத்துக் கம்பி முனைகளை மடித்துவிடுங்கள். மடிக்காவிட்டால் அதுவே ஒயரை அறுக்கும். ஜிப் டையைக் கடித்துவிடும் என்பதால் கட்டுக்கம்பியால் கட்டுங்கள். மழைத்தண்ணீர் வடியும் துளையை அடைக்க வேண்டாம், அடைத்தால் தண்ணீர் கேபினுக்குள் வரும். ஏர் ஃபில்டரின் உறிஞ்சு குழாய் வாயையும் சைலன்சர் வாயையும் இதே வலையால் மூடலாம். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரை உறிஞ்சு குழாயில் திணிக்காதீர்கள், இழை உதிர்ந்து இன்ஜினுக்குள் போகும். எதையெதை மூடினீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டுங்கள்.

ஏசியை உள்காற்று சுழற்சியில் வைத்துவிட்டு இன்ஜினை அணையுங்கள். பெரும்பாலான கார்களில் வெளிக்காற்றுக் கதவு மூடியே நிற்கும். அதன்பின் 10 நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுங்கள். பேட்டரி இறங்காது, எலி ஒயரைக் கடித்தாலும் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் வாய்ப்பு குறையும். சென்ட்ரல் லாக் வேலை செய்யாது என்பதால் சாவியால் கதவு திறக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

விரட்டும் சாமான்களில் அதிகம் நம்பிக்கை வைக்க வேண்டாம். புகையிலை, புதினா எண்ணெய், ஸ்பிரே எல்லாம் வாசனை இருக்கும்வரைதான். காய்ந்த புகையிலையை சூடான இன்ஜினில் மறந்தால் தீ ஆபத்தும் உண்டு. அந்துருண்டையைக் கேபினில் போட்டால் அந்த நெடி ஏசியில் ஏறிவிடும், சுவாசிக்கவும் நல்லதல்ல. அல்ட்ராசோனிக் கருவியின் சத்தத்துக்கு எலி சீக்கிரமே பழகிவிடும்.

பொறி வேலை செய்யும், வைக்கும் விதத்தில் வைத்தால். எலி சுவரோரமாகவே ஓடும். அடிக்கும் பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, இரை உள்ள முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். சுட்ட தேங்காய்த் துண்டு, கருவாடு, மசால் வடை எதுவானாலும் சரி. ஆனால் கம்பியில் இறுகக் கட்டுங்கள். புதுப் பொருளைக் கண்டால் எலிக்குச் சந்தேகம் வரும். அதனால் முதல் மூன்று நான்கு நாள் பொறியை ஏற்றாமல் இரையை மட்டும் தின்னவிட்டு, பிறகு ஏற்றுங்கள். குழந்தையோ பூனையோ நடமாடும் இடத்தில் கூண்டுப் பொறிதான் சரி. விஷம் வேண்டவே வேண்டாம்: தின்ற எலி டாஷ்போர்டுக்குள் போய்ச் செத்தால், நாற்றத்துக்காக டாஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும்.

யாராவது வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டும். எலியின் கர்ப்பகாலம் மூன்று வாரம்தான். மாதம் ஒருமுறை பார்த்தால் குட்டிகளோடு பார்ப்பீர்கள். நான்கு டயரைச் சுற்றியும் கோலமாவைத் தூவி வைத்தால் கால்தடம் காட்டிக்கொடுக்கும். கல்மாவாக இருக்கட்டும், அரிசி மாவு விருந்தாகிவிடும்.

புழுக்கை, கூடு கண்டால் விளக்குமாற்றால் பெருக்காதீர்கள். எலிச் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கையுறையும் மாஸ்க்கும் போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துணியால் வழித்தெடுங்கள். ஒயர் கனெக்டரில் ப்ளீச் படக் கூடாது. உலோகத்தில் பட்டால் வெறும் தண்ணீர்த் துணியால் துடையுங்கள்.

திரும்பி வந்ததும் சாவியைப் போடும் முன் ஸ்டியரிங்கில் கட்டிய சீட்டைப் பார்த்து அடைப்புகளை எடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியையும், கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் உள்ள ஏசி ஃபில்டரையும் திறந்து பாருங்கள். சக்கரத்துக்கு உள்பக்கம் போகும் ஏபிஎஸ் ஒயர், பிரேக் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ் ஆகியவற்றில் பல் தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே பேட்டரியை இணையுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிடுங்கள்.