இன்சுலின் பெட்டியைப் பின்சுவரில் ஒட்டி வைக்காதீர்கள்: மருந்துக்கடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் கடையில் புதிதாகச் சேர்ந்த தம்பி, அன்று வந்திறங்கிய இன்சுலின் பெட்டிகளை ஃபிரிட்ஜின் பின்சுவரோடு ஒட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். டி.பார்ம் (மருந்தியல் டிப்ளமோ) முடித்தவர், நல்ல சுறுசுறுப்பு. "உள்ள தள்ளி வச்சா நல்லா சில்லுன்னு இருக்கும்ண்ணா" என்றார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இப்படித்தான் நினைத்தேன். ஆனால் அங்கே ஒட்டி வைத்தால் மருந்து உறைந்துபோகலாம்.

காலாவதி தேதியைப் பார்ப்பது, சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுக்காதது எல்லாம் படிக்கும்போதே சொல்லித் தந்திருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இன்சுலினை உறையவிடுவது

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைக்க வேண்டும். 8-ஐத் தாண்டிவிடுமோ என்று எல்லோரும் பயப்படுகிறோம், கரண்ட் போனால் பதறுகிறோம். 2-க்குக் கீழே போகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஆனால் சில மணி நேரம் வெளியே இருந்த இன்சுலின் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஒருமுறை உறைந்தது தப்பாது. அது புரதம், உறைந்து சிதைந்தால் பழைய நிலைக்குத் திரும்பாது.

என் முதல் கடையில் இருந்தது ஒற்றைக் கதவு வீட்டு ஃபிரிட்ஜ். மாதக் கடைசியில் சரக்கு நிறைய வர, இடமில்லாமல் பத்துப் பெட்டிகளை ஃப்ரீசருக்கு நேர் கீழே வைத்தேன். காலையில் பார்த்தால் அட்டைப்பெட்டி மேல் பனி. கொஞ்ச நேரம் வெளியே வைத்தேன், உருகியது. பார்வைக்குச் சரியாக இருந்ததால் திரும்ப உள்ளே வைத்து விற்றேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பெரியவர் வந்தார். சர்க்கரை இறங்கவே இல்லை, டாக்டர் அளவைக் கூட்டிவிட்டார் என்றார். அவர் கையில் இருந்த குப்பியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தேன். பால்போல் ஒரே சீராகக் கலங்க வேண்டியது, கண்ணாடியில் வெள்ளைத் துணுக்குகளாக ஒட்டி நின்றது.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கெட்ட மருந்தை நம்பிக் கூட்டிய அளவில் நல்ல மருந்தைப் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கி ஆள் மயங்கி விழலாம். முதலாளி அவரிடம் நடந்ததைச் சொல்லி, புதுக் குப்பியைத் தொடும் முன் டாக்டரைப் பார்க்க அனுப்பினார். மீதிப் பெட்டிகளை வாங்கியவர்களை பில் புக்கை வைத்துக்கொண்டு தேடி அலைந்தோம். மூன்று பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அந்த மூன்று பேரை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதனால்தான் "சில்லுன்னுதான் இருக்கு" என்ற பதில் எனக்குப் பிடிப்பதில்லை. குறைந்த அளவும் கூடிய அளவும் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே வையுங்கள். காலையும் மாலையும் எழுதுங்கள். ஃப்ரீசர் பக்கமும் பின்சுவர்ப் பக்கமும் இடைவெளி விடுங்கள். உறைந்ததாகச் சந்தேகம் வந்தாலே விற்காமல் ஒதுக்குங்கள். கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் வகைகளில் கெட்டது கண்ணுக்கே தெரியாமல் போகலாம். வாங்கிப் போகிறவர் ஐஸ் பையோடு வந்தால், ஐஸ் நேராகப் படாமல் துணியில் சுற்றிக் கொடுங்கள்.

ஊசி மாறிப்போவது

நம் ஊரில் இன்சுலின் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், இன்சுலின் பேனாவில் போடுவது 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 40 குப்பிக்கு 100 சிரிஞ்சைக் கொடுத்தால், 20 என்ற கோடு வரை இழுத்தவருக்கு உள்ளே போவது 8 யூனிட்தான். குப்பியையும் சிரிஞ்சையும் கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகே பில் போடுங்கள்.

குழந்தைக் காய்ச்சல் மருந்து

பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்குத்தான் 120 அல்லது 250. ஒன்று இல்லையென்று மற்றதைக் கொடுத்து, "அதே அளவுதாம்மா" என்று சொல்லிவிடாதீர்கள்.

எச்1 பதிவேடு

எச்1 பட்டியலில் உள்ள கட்டுப்பாட்டு மருந்துகளை யார் சீட்டுக்கு, யாருக்கு விற்றோம் என்று எழுதும் பதிவேடு இது. விற்றவுடனே எழுதுங்கள். இரவு கடை சாத்தும்போது ஞாபகத்திலிருந்து எழுதினால் டாக்டர் பெயரும் நோயாளி பெயரும் மாறிப்போகும்.

அட்டையை வெட்டுவது

மாத்திரை அட்டையை வெட்டி விற்கும்போது, காலாவதி தேதி அச்சான ஓரம் கடைசி வரை கடையிலேயே இருக்கட்டும்.