தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி: அடையாளமும் மதிப்பும்

குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் மறைந்தபின் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வாரிசுகளிடம் வந்து சேருமானால், அதன் விலையைத் தேடுவதற்கு முன் அதன் உரிமத்தைத் தேட வேண்டும். 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 21 ஆம் பிரிவின்படி, உரிமதாரர் இறந்த பிறகு துப்பாக்கியைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும். அதை வைத்துக்கொள்ள விரும்பும் வாரிசு, மாவட்ட ஆட்சியரிடமோ மாநகரமாயின் காவல் ஆணையரிடமோ தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதையும் பங்கு பிரிக்கும்போது கணக்கில் கொள்ள வேண்டும். "நூறாண்டுப் பழையது, உரிமம் எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழம்பொருளுக்கு மட்டுமே சட்டம் விலக்கு அளிக்கிறது. சுடக்கூடிய துப்பாக்கி எத்தனை ஆண்டுப் பழையதானாலும் அது துப்பாக்கிதான்.

ஆகவே இனிச் சொல்லும் சோதனைகள் யாவும் விற்பனையாளரின் கடையில், அவர் கையால் நடப்பதே முறை. குழல்களில் தோட்டா இல்லை என்பதை அவர் முதலில் உறுதி செய்வார். குழலின் வாய்வழியாகக் கருமருந்து இடிக்கும் பழைய வகையானால், பல பத்தாண்டுகளுக்கு முன் இட்ட மருந்து இன்னும் உள்ளே இருக்கக்கூடும் என்பதால், குச்சியை உள்ளே விட்டு ஆழத்தை அளந்து பார்ப்பதும் அவசியம்.

குழல்களுக்கு இடைப்பட்ட மேல்விளிம்பில் பொறித்த பெயரைத்தான் எல்லோரும் முதலில் படிப்பார்கள். ஏமாற்றமும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. மாண்டன், ராடா ஆகிய கல்கத்தா நிறுவனங்களின் பெயர்களும் மெட்ராஸ் ஓக்ஸ் நிறுவனத்தின் பெயரும் நம் பக்கத்துப் பழைய துப்பாக்கிகளில் காணப்படுபவை. இத்தகைய பெயர் விற்றவரைக் காட்டும். செய்தவர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பெயரில்லாமல் உழைத்த வேறொருவராக இருக்கலாம். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்ற புகழ்பெற்ற பெயரை நினைவூட்டும்படி "டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்" என்று பொறித்து பெல்ஜியத்திலிருந்து ஏற்றுமதியான மலிவுச் சரக்கும் உண்டு. மறுபுறம், உண்மையான முகவரி வரி ஒன்று காலத்தைத் துல்லியமாகவே சொல்லிவிடும்: பர்டி நிறுவனம் 1880களின் தொடக்கம் வரை லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இருந்து, பிறகு சவுத் ஆட்லி தெருவுக்கு மாறியது, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்ற இரட்டைப் பெயர் 1876க்கு முன் கிடையாது.

நம்பத்தக்க சாட்சி குழல்களின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. குழல்களின் அடியில் கை தாங்கும் மரமான முன்கட்டையைக் கழற்றி, குழல்களைப் பிரித்துத் திருப்பிப் பார்த்தால், பின்முனையை ஒட்டிய தட்டையான பகுதியில் சிறுசிறு முத்திரைகள் தெரியும். அரசுச் சட்டத்தின்படி மிகைமருந்து இட்டுச் சுட்டுச் சோதித்த சோதனைக்கூடங்கள் இட்டவை அவை. கடைக்காரர் விருப்பப்படி பொறித்தவை அல்ல. மகுடத்தின் கீழ் பின்னிய ஜி, பி (G, P) எழுத்துகள் லண்டன் சோதனைக்கூடத்தைக் குறிக்கும். மகுடத்தின் கீழ் குறுக்காக வைத்த இரு செங்கோல்களும் அவற்றிடையே பி, சி, பி (B, C, P) எழுத்துகளும் இருந்தால், அது 1813 இல் நிறுவிய பர்மிங்ஹாம் கூடத்தில் 1904க்கு முன் சோதித்தது. "தனிக்குண்டுக்கு அல்ல" என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் 1875 முதல் 1887 வரை வாய் குறுகிய குழல்களில் இட்டவை. சாய்சதுரத்துக்குள் 12 என்ற எண்ணும் சி எழுத்தும் இருந்தால் காலம் 1887க்கும் 1954க்கும் இடைப்பட்டது. முட்டை வடிவக் கட்டத்துக்குள் ஈ, எல், ஜி எழுத்துகள் இருந்தால், மேலே எந்த ஆங்கிலப் பெயர் இருந்தாலும், அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சோதித்தது; கட்டத்தின் மேல் மகுடமும் இருந்தால் 1893க்குப் பிற்பட்டது. இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளலாம்: 1887க்கு முந்திய குழலில் 13 என்ற எண் இருப்பதால் அது 12 போர் (துப்பாக்கியின் குழல் அளவு) தோட்டா ஏற்காது என்று பொருளில்லை. அந்த எண் குழலின் உள்விட்டத்தைக் குறிப்பது. தோட்டா அமரும் அறை தனியளவு கொண்டது.

வெளியே தெரியும் சுத்தியல்களும், விசைக்காப்பை ஒட்டிக் கீழே சுழலும் நெம்புகோலும் கொண்டவை பெரும்பாலும் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தவை. சுத்தியல் உள்ளே மறைந்த எளிய அமைப்பு, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸில் பணியாற்றிய ஆன்சன், டீலி இருவரும் 1875 இல் காப்புரிமை பெற்றது. அதற்குப் பிறகு உலகெங்கும் பரவியது. சுடும் பொறியைத் தாங்கிய பக்கத்தகடுகளைக் கழற்றக்கூடிய அமைப்பே பொதுவாக விலை கூடியது.

குழலில் மரப்பட்டையின் வரிகள் போன்ற கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல்: இரும்புக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் முறுக்கி, உருளையின் மேல் சுற்றி, காய்ச்சி ஒட்டவைத்துச் செய்தது. கோலத்தை மேலே மட்டும் அச்சிட்ட போலிகளும் உண்டு. முன்கட்டை மறைக்கும் இடத்தில் அது தொடர்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். கருமருந்துக்காகவே செய்த இக்குழல்களில் இக்காலத் தோட்டாவை இடக் கூடாது. எஃகுக் குழலானாலும், பழைய இரண்டரை அங்குல அறையில் நீளமான புதுத் தோட்டாவை இடுவது ஆபத்து.

மதிப்பைப் பெரிதும் தீர்மானிப்பது நிலைமை. குழல், சுடும் பொறி அமைந்த பகுதி, முன்கட்டையின் இரும்பு மூன்றிலும் ஒரே வரிசை எண் இருக்க வேண்டும். முன்கட்டையைக் கழற்றிவிட்டு மூடிய நிலையில் ஆட்டும்போது குழல்கள் தளர்ந்து ஆடக் கூடாது. உள்ளே துருக்குழி இருக்கக் கூடாது. குழல் சுவரின் தடிப்பு அளவியில் அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பாகத்துக்குக் குறைந்தால் விலை வெகுவாகச் சரியும். குழலின் வாய்ப்பக்கத்தை அறுத்துக் குட்டையாக்கியிருந்தாலும், கைப்பிடிக்கருகில் கட்டை விரிசல் விட்டிருந்தாலும் அதே கதிதான். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளக்க வைக்க மட்டும் யாரும் முனைய வேண்டாம். பழைய நிறமும் கூரான பொறிப்பு வேலையும் போய்விட்டால் திரும்பி வரா. பர்டி, ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற நிறுவனங்களின் பதிவேடுகளில் வரிசை எண்ணைக் கொண்டு முதலில் வாங்கியவர் வரை தேடலாம். மூலப்பெட்டியும் அதன் உள்மூடியில் ஒட்டிய விற்பனைச் சீட்டும் இருந்தால் அவையும் மதிப்பைக் கூட்டும்.

இவ்வளவும் தெரிந்தபின் லண்டன் ஏல விலையைப் பார்த்து ரூபாயில் பெருக்கிக் கொள்வது நம் வாரிசுகளின் வழக்கமான பிழை. நூறாண்டு கடந்த பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தனியாருக்கு இடந்தருவதில்லை. உள்நாட்டில் வாங்குபவரும் உரிமம் உள்ளவராகவே இருக்க வேண்டும் என்பதால் சந்தை மிகக் குறுகியது. முதல்தர லண்டன் வேலையானால் ஆர்வலர் தேடி வருவார். சாதாரண லியேஜ் துப்பாக்கி, அதுவும் டமாஸ்கஸ் குழலுடையது, குடும்பத்தார் எதிர்பார்ப்பதில் சிறு பகுதியைக்கூடப் பெறாமல் போகலாம். வாங்க முன்வரும் விற்பனையாளரின் சொல்லை மட்டும் நம்பாமல், வாங்கும் எண்ணமில்லாத மற்றொருவரிடமும் எழுத்தில் மதிப்பீடு பெற்று, முத்திரைகளின் தெளிவான படங்களோடு பாகப்பிரிவினைப் பத்திரங்களுடன் சேர்த்து வைக்க வேண்டும்.