உஸ் என்ற இரைச்சல் இல்லாமல் வீட்டில் குரல் பதிவுசெய்ய: ப்ரீஆம்ப் அமைக்கும் முறை

என் பாட்டி சொன்ன கதைகளை முதன்முதலில் பதிவுசெய்தபோது மைக்கை மேசையின் மறுகோடியில் வைத்திருந்தேன். அவருடைய மெல்லிய குரலுக்கு அடியில் அடைமழை போல ஓர் இரைச்சல். பிறகு எந்த மென்பொருளாலும் குரலைக் கெடுக்காமல் அதைப் பிரித்தெடுக்க முடியவில்லை.

காரணம் எளிது. ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கின் முன் உரக்கப் பேசினாலும் வெளிவருவது சுமார் 2 மில்லிவோல்ட்தான். அதைப் பல நூறு மடங்கு பெருக்குவதே ப்ரீஆம்ப்பின் வேலை. 60 டெசிபல் கெயின் (பெருக்கும் அளவு) என்றால் 1000 மடங்கு. குரலோடு மின்விசிறியின் ஓசையும் சுற்றின் சொந்த இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

படி 1: கெயினை முழுக்கக் குறைத்துவிட்டு, மைக்கை மூன்று முனை கொண்ட எக்ஸ்எல்ஆர் கேபிளால் ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு சேர்க்கும் பெட்டி) இணையுங்கள். ப்ரீஆம்ப் அதற்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் மைக் என்றால், அதைத் தரும் 48 வோல்ட் பொத்தானை இப்போது அழுத்துங்கள். டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை.

படி 2: வாய்க்கும் மைக்குக்கும் இடையே நான்கைந்து விரற்கடை தூரம் போதும். எனக்குத் தெரிந்து இதைவிடப் பலன் தரும் படி வேறில்லை. தூரம் பாதியானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுகிறது. அறையின் ஓசையோ அப்படியே இருக்கிறது. 40 சென்டிமீட்டரிலிருந்து 10க்கு வந்தால் 12 டெசிபல் லாபம், ஒரு ரூபாய் செலவில்லாமல்! மிக நெருங்கினால் குரல் கனத்து ஒலிக்கும், 'ப' வெடிக்கும். மைக்கைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி வையுங்கள்.

படி 3: பதிவு மென்பொருளின் அமைப்பில் 24 பிட் (நுணுக்கமான பதிவுத் தரம்) என்பதைத் தேர்ந்தெடுங்கள். கதையில் மிக உரக்கச் சொல்லும் இடத்தைப் பேசிக்கொண்டே கெயினைக் கூட்டுங்கள். மென்பொருளின் அளவுமானியில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் நிறுத்துங்கள் (0 என்பதே அதன் எல்லை). சிவப்பு விளக்கு எரிந்தால் ஒலி சிதைந்துவிட்டது என்று பொருள். அதை மீட்க இயலாது.

படி 4: பேசாமல் பத்து விநாடி பதிவுசெய்து கேளுங்கள். இரைச்சல் இருக்கிறதா? கெயினைத் தொடாமல், மைக்கைத் துணி அடுக்கிய அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடி மீண்டும் பதிவுசெய்யுங்கள். இரைச்சல் குறைந்தால் குற்றவாளி உங்கள் அறை: மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, சன்னல். குறையாவிட்டால் அது மின்சுற்றின் இரைச்சல்.

இரண்டாவது வகைக்குத்தான் கூடுதல் கருவி தேவை. ஷூர் எஸ்எம்7பி போன்ற மெல்லிய சமிக்ஞை தரும் மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும். சிறிய இன்டர்ஃபேஸ்கள் பலவும் அந்த எல்லையை எட்டும்போது இரையத் தொடங்கும். அப்போது மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே கிளவுட்லிஃப்டர் போன்ற சிறு ப்ரீஆம்ப்பைப் பொருத்தலாம். அது 48 வோல்ட்டில் இயங்கி 25 டெசிபல் வரை கூட்டித் தரும். ஆகவே பொத்தானை அழுத்திவிட்டு, கெயினை அதே அளவு குறையுங்கள். கண்டென்சர் மைக்கை மட்டும் அதில் இணைக்காதீர்கள். அந்த 48 வோல்ட் மைக்கைச் சென்றடையாது.