பள்ளி ஆலோசகரிடம் பேசப் போகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் படிக்கும் பிள்ளைகள் கவுன்சலிங் அறைக் கதவைத் தட்டத் தயங்குவது பெரும்பாலும் ஊர் சின்னது என்பதால்தான். ஆலோசகர் மேடம் அம்மாவோடு ஒரே பஸ்ஸில் வருகிறவராக இருப்பார். இல்லாவிட்டால் சந்தை நாளில் மார்க்கெட்டில் எதிரே வந்து நிற்பார். "இன்னைக்குச் சொன்னா நாளைக்கு ஹட்டி (படுகர் ஊர்) முழுக்கத் தெரிஞ்சிடும்" என்ற பயம் நியாயமானதுதான். அந்தப் பயத்தோடு உள்ளே போய், எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்று தானே முடிவு செய்துகொண்டு பாதியை மட்டும் சொல்லிவிட்டு வருவதில்தான் சிக்கல். பாதி தெரிந்தவர் பாதி உதவிதான் செய்ய முடியும்.

ரகசியம் பற்றிக் கேட்காமலே பேச ஆரம்பிப்பது

முதல் ஐந்து நிமிடம் இதற்கே போகட்டும். மூன்று கேள்விகள் போதும். நான் சொல்வது யார் யாருக்குப் போகும்? நீங்கள் குறித்து வைக்கிற ஃபைலை யார் பார்க்கலாம்? வெளியே சொல்ல வேண்டி வந்தால் முதலில் என்னிடம் சொல்லிவிட்டுத்தானே சொல்வீர்கள்? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல ஆலோசகர் நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுவார். கேட்டும் மழுப்பினால், அன்றைக்கு மேலோட்டமாகப் பேசிவிட்டு வருவதில் தப்பில்லை.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தச் சத்தியத்தை எந்த ஆலோசகராலும் காப்பாற்ற முடியாது. உங்கள் உயிருக்கு ஆபத்து, உங்களால் இன்னொருவருக்கு ஆபத்து, 18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் வன்முறை: இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு அவர் சும்மா இருக்க முடியாது. மூன்றாவதற்குச் சட்டமே இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் தண்டனை அவருக்கு. இது தெரிந்து சொன்னால் வராத சங்கடம், தெரியாமல் சொல்லிவிட்டு, பிறகு "மேடம் காட்டிக் கொடுத்துட்டாங்க" என்று நினைக்கும்போது வருகிறது.

இதைப் படித்துவிட்டு, சாகத் தோன்றுவதைச் சொல்லவே கூடாது என்று முடிவு கட்டினால் அதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு. "போலீஸ் கேஸ் ஆயிடும்", "டி.சி. குடுத்துடுவாங்க" என்று விடுதிகளில் ஒரு பேச்சு உலவுகிறது. ஓர் எண்ணத்தைச் சொல்வது எந்தக் காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை. முயற்சி செய்தவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். நீங்கள் சொன்ன பிறகு நடப்பது பெரும்பாலும் இதுதான்: எத்தனை நாளாக, எவ்வளவு அடிக்கடி, ஏதாவது திட்டம் உண்டா என்று நேராகக் கேட்பார். வீட்டில் யாரைக் கூப்பிடலாம் என்று உங்களோடு சேர்ந்து யோசிப்பார். அன்று இரவு உங்களைத் தனியாக விட மாட்டார். அப்பாவைக் கூப்பிட்டால் அடி விழும் என்றால் அதையும் அப்போதே சொல்லுங்கள். சித்தி, மாமா, பாட்டி என்று வேறு ஆள் பார்க்கலாம்.

"மனசு சரியில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வது

அந்த இரண்டு சொல்லை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. பரீட்சைப் பயத்துக்கும் அதே சொல்தான், வீட்டு ஏக்கத்துக்கும் அதே சொல்தான், மாதக்கணக்கில் இழுக்கும் மனச்சோர்வுக்கும் அதே சொல்தான். போவதற்கு முந்தைய நாள் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எப்போதிலிருந்து? வாரத்தில் எத்தனை நாள்? எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்குத் தூக்கம் வருகிறது? சாப்பாடு எப்படி? முன்பு பிடித்தது எது இப்போது பிடிக்கவில்லை? "பயமா இருக்கு" என்பதைவிட, "கணக்கு பீரியடுக்கு முன்னாடி கை நடுங்குது, மூச்சு முட்டுது, பத்து நிமிஷம் ஆகுது அடங்க, வாரத்துல மூணு தடவை" என்பது அவருக்கு வேலை செய்ய இடம் கொடுக்கிறது. சோகமோ எதிலும் பிடிப்பின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய தினமும் இருந்தால் அந்தக் கால அளவைக் கட்டாயம் சொல்லுங்கள். மருத்துவர்களும் பார்ப்பது அதைத்தான். பேச வரவில்லையா, தாளையே நீட்டிவிடலாம். வகுப்பு நோட்டின் பின்பக்கத்தில் மட்டும் எழுத வேண்டாம், நோட்டு கைமாறும்.

மலையில் இன்னொன்று. சமவெளிப் பள்ளியில் ஒரு பிள்ளை இளைத்தாலோ கையைக் கீறிக்கொண்டாலோ யாராவது ஓர் ஆசிரியர் கண்ணில் படும். இங்கே பன்னிரண்டு மாதமும் ஸ்வெட்டர். நீங்களாகச் சொன்னால்தான் உண்டு.

சிக் ரூமுக்குப் போய் வயிற்றுவலி, தலைவலி என்று சொல்லி மாத்திரை வாங்கிவருவதும் நிறைய நடக்கிறது. வலி பொய்யில்லை, பதற்றம் வயிற்றைத்தான் முதலில் பிடிக்கும். ஆனால் நர்ஸ் வயிற்றுக்குத்தான் மருந்து கொடுப்பார். இதற்கு நேர்மாறாக, ஆலோசகர் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னால் "என்னை நம்பலை" என்று கோபித்துக்கொள்ளக் கூடாது. ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் அதே சோர்வைத் தரும்.

"என் ஃபிரெண்டுக்கு ஒரு பிரச்சனை" என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. ஆழம் பார்க்க அது பரவாயில்லை, ஒரு தடவைக்கு. தொடர்ந்தால் "அவனைக் கூட்டிட்டு வா" என்பதற்கு மேல் பதில் கிடைக்காது.

நேரம்

ஒரு பீரியடில் நாற்பது நிமிடம் என்று வையுங்கள். முப்பத்தைந்து நிமிடம் மார்க், மெஸ் சாப்பாடு என்று பேசிவிட்டு, எழுந்து கதவுப் பக்கம் போகும்போது முக்கியமானதைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் பலர். முக்கியமானதை முதலில் சொல்லுங்கள். எஸ்டேட்டிலிருந்து வருகிறவர்கள் கடைசி பீரியடைக் கேட்காதீர்கள், மனசு பஸ்ஸில் இருக்கும். பல பள்ளிகளில் ஆலோசகர் வாரத்தில் சில நாள்தான் வருகிறார், அந்த நாட்களை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

"லீவுக்கு வீட்டுக்குப் போனா சரியாயிடும்" என்று தள்ளிப்போட்டு, விடுமுறைக்கு முந்தைய வாரம் வந்து எல்லாவற்றையும் கொட்டினால் அடுத்த சந்திப்புக்கு ஒரு மாதம் ஆகும். வீட்டிலும், ஏப்ரல், மே சீசனில் காட்டேஜ், கடை, டாக்ஸி என்று இருக்கிற குடும்பத்தில் உட்கார்ந்து கேட்க யாருக்கு நேரம்? பருவத் தொடக்கத்திலேயே ஒரு முறை போய் முகம் காட்டிவிட்டு வருவது நல்லது.

முதல் சந்திப்போடு "ஒண்ணும் ஆகலை" என்று விட்டுவிடாதீர்கள். மூன்று முறையாவது போய்ப் பாருங்கள். அவர் அறிவுரை மழை பொழிந்தால் "முதல்ல கேட்டுக்கோங்க, அப்புறம் சொல்லுங்க" என்று சொல்லலாம். அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் வேறு ஆலோசகரையோ நம்பிக்கையான ஓர் ஆசிரியரையோ கேளுங்கள். ஆலோசகர் மருந்து எழுத மாட்டார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார், 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ கூட வர வேண்டும். கூடலூரிலிருந்து ஊட்டி ஏறினாலும், கொடைக்கானலிலிருந்து திண்டுக்கல் இறங்கினாலும் ஒரு முழு நாள் போய்விடும் என்பதால் வீட்டில் முன்கூட்டியே சொல்வதைத் தவிர்க்க முடியாது. அந்தப் பேச்சை ஆலோசகரையே உடன் வைத்துக்கொண்டு பேசலாம்.

கடைசியாக, இரவு பதினொரு மணிக்கு ஆலோசகருக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதிவிட்டு நீல டிக்குக்குக் காத்திருப்பது. அவர் காலையில்தான் பார்ப்பார். தாங்க முடியாத இரவில் வார்டனையோ மேட்ரனையோ எழுப்புங்கள், திட்டினாலும் பரவாயில்லை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இரவு பகல் எந்நேரமும் இயங்கும், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அந்த எண் கிடைக்காவிட்டால் 1800-891-4416. வீட்டிலோ விடுதியிலோ யாராவது துன்புறுத்தினால் குழந்தைகள் உதவி எண் 1098. எஸ்டேட் பள்ளங்களில் மழைக்காலத்தில் சிக்னல் போய்விடும், ஆகவே விடுதியில் லேண்ட்லைன் எந்த அறையில் இருக்கிறது, இரவில் அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பகலிலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.