நீலகிரியின் பழைய கொலை வழக்கு ஒன்றை எழுதுவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று எந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்தாலும் ஒரு பழைய கொலைக்கதை காதில் விழும். கேட்டதும் எழுதத் தோன்றும். அப்படித் தோன்றியவர்களுக்கு, நான் செய்யும் முறையை வரிசையாகச் சொல்கிறேன். இந்த வேலையில் எழுதுவது கொஞ்சம்தான். பெரும்பகுதி நேரம் காகிதம் தேடுவதிலும், பெரியவர்களின் பேச்சைக் கேட்பதிலும், தேதி சரிபார்ப்பதிலும் போய்விடும். இதை மட்டும் நம்பினால் அடுப்பெரியாது, வேறொரு வேலையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் படிகளுக்கும் பொதுவாக ஒன்று. இறந்தவர் யார் என்று தெரிந்துகொள்ளும்வரை கொன்றவரைப் பற்றி எழுத உட்காராதீர்கள்.

படி 1: முதல் வழக்கு பழையதாக இருக்கட்டும்

சம்பந்தப்பட்டவர்கள் உயிரோடு இருக்கும் வழக்கை முதலில் தொடாதீர்கள். நூறு வருடத்துக்கு முந்தையது நல்ல பயிற்சி. ஒரு உதாரணம்: 1860-களில் நடுவட்டம், தொட்டபெட்டா சின்கோனா (கொய்னா மருந்து எடுக்கும் மரம்) தோட்டங்களில் வேலை செய்ய, மலாக்கா நீரிணைப் பகுதியின் ஆங்கிலேயக் குடியேற்றங்களிலிருந்து சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். சிலர் தப்பினார்கள். தேடிப்போன போலீஸ்காரர்களின் உடல்கள் குந்தா பக்கம் சிஸ்பாரா மலைப்பாதையில் கிடைத்தன. 1908-ல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த நீலகிரி கெசட்டியரில் (அரசின் மாவட்ட விவரத் தொகுப்பு) இந்தச் செய்தி வருகிறது. நடுவட்டத்தில் அந்தக் காலச் சிறைக் கட்டடத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம். செத்துப்போன அந்தப் போலீஸ்காரர்கள் எந்த ஊர்? கைதிகள் இங்கே வந்து சேர அவர்கள் செய்த குற்றம் என்ன? தேடல் இந்த இரண்டு கேள்விகளில் தொடங்கட்டும்.

படி 2: காகிதம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது?

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நீலகிரி எப்போதும் தனி மாவட்டமாக இருக்கவில்லை. முதலில் கோயம்புத்தூரோடு இருந்தது. 1830-ல் மேற்குப் பகுதி மலபாருக்குப் போய், 1843-ல் திரும்பி வந்தது. 1868-ல்தான் தனி கமிஷனர். கூடலூர் பக்கத்துத் தென்கிழக்கு வயநாடு 1877-ல் சேர்ந்தது. ஆக, 1870-ல் கூடலூரில் நடந்த சம்பவத்துக்கு ஊட்டியில் தேடிப் பயனில்லை, அது மலபார் காகிதம். கோழிக்கோடு ஆவணக் காப்பகத்தையும் மனதில் வையுங்கள். மற்றதற்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அங்கே போகும் முன் சம்பவத்தின் வருடம், அது எந்தத் துறைக்குள் வரும் என்பது, தெரிந்தால் அரசாணை எண், இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையும் பென்சிலும் கூடவே இருக்கட்டும். பழைய தாள் பக்கத்தில் மைப்பேனா கூடாது.

ஊர்ப்பெயரை வெள்ளைக்காரர்கள் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதி வைத்திருப்பார்கள். கோத்தகிரி 'கோட்டகெர்ரி' என்று இருக்கும். ஒவ்வொரு ஊருக்கும் சாத்தியமான எழுத்துகளை முன்கூட்டியே பட்டியல் போட்டுக்கொண்டு தேடினால் பாதி வேலை மிச்சம்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய வழக்கு என்றால் நீதிமன்றத்தில் நகல் மனு போடலாம். வழக்கில் சம்பந்தப்படாதவர் காரணத்தையும் சொல்ல வேண்டும். மேல்முறையீட்டுக்குப் போன வழக்கு என்றால் உயர் நீதிமன்றத் தீர்ப்பு இணையத்திலேயே கிடைக்க வாய்ப்புண்டு. அரசு அலுவலகங்களுக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு அனுப்பலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் பழைய விஷயம் என்றால், மறுப்பதற்கான காரணங்களில் பெரும்பாலானவை பொருந்தாது. அதற்குப் பிரிவு 8(3) இருக்கிறது, மனுவிலேயே குறிப்பிடுங்கள்.

படி 3: தீர்ப்பைப் பின்னாலிருந்து படியுங்கள்

எல்லோரும் முதலில் தண்டனை என்ன என்று பார்ப்பார்கள். நீங்கள் கடைசிப் பக்கத்துப் பட்டியல்களுக்குப் போங்கள். அ.சா.1, அ.சா.2 என்று அரசுத் தரப்பு சாட்சிகள் வருவார்கள். அதற்குப் பக்கத்தில் சா.பொ. என்று சான்றுப்பொருள்கள். ஒரு எஸ்டேட் வழக்கில் அந்தப் பட்டியல் இப்படி இருக்கலாம்: கம்பளி ஒன்று, டார்ச் லைட் ஒன்று, கவாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, கிழிந்த சம்பளச் சீட்டு. இறந்தவர் இரவில் கிளம்பியிருக்கிறார், குளிருக்குக் கம்பளி எடுத்திருக்கிறார், சம்பளம் வாங்கியிருக்கிறார். நாற்பது பக்க வாதத்தில் இல்லாத மனிதர் இந்த ஐந்து வரியில் வந்துவிடுகிறார். ஒவ்வொரு பொருளையும் எடுத்துக்கொண்டு, இது யாருடையது, எங்கே வாங்கியிருப்பார், வீட்டில் யார் தேடியிருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பழைய ஆங்கிலேயப் பதிவுகளை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். 1835-ல் நீலகிரிப் பழங்குடிகளான குறும்பர்கள் 48 பேர் கொல்லப்பட்டதாக, தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி எழுதிய ஆங்கிலேயர் எட்கர் தர்ஸ்டன் எழுதியிருக்கிறார். சூனியம் வைத்தார்கள் என்ற சந்தேகம்தான் காரணம். அந்த நாற்பத்தெட்டுப் பேரில் ஒருவர் பெயரும் அங்கே இல்லை. 'சூனியக்காரர்' என்ற பட்டம் மட்டும் புத்தகத்துக்குப் புத்தகம் போய்க்கொண்டே இருக்கிறது. இன்றைக்கு எழுதுகிற நாம் அந்தப் பட்டத்தைத் திரும்ப ஒட்டக்கூடாது. யார் குற்றம் சாட்டினார், யார் விசாரித்தார், குறும்பர்கள் பக்கத்தை யாராவது கேட்டார்களா என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது வரலாறு.

படி 4: பெரியவர்களிடம் கேட்பது

மலைக் கிராமத்தில் வயதானவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது. ஆனால் அவர்களிடம் வேறு நாட்காட்டி இருக்கிறது. 1978 பெருமழை, மண்சரிவு. இந்துநகரில் பிலிம் ஃபேக்டரி வந்தது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியது. அதையெல்லாம் வைத்துக் கேளுங்கள்.

"பாட்டி, அது பெருமழைக்கு முன்னாடியா பின்னாடியா?"

"முன்னாடிதான் தம்பி. எங்க மூத்தவன் அப்போ நடக்கவே ஆரம்பிக்கல. மழை வந்தப்ப ஸ்கூல் போய்ட்டிருந்தான்."

அப்புறம் மூத்த மகனின் பள்ளிச் சான்றிதழைப் பார்த்தால் ஒன்றிரண்டு வருடத்துக்குள் வந்துவிடலாம். போனதும் கொலையைப் பற்றிக் கேட்காதீர்கள். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) யார் யார் இருந்தார்கள், வேலை வாங்கும் கங்காணி எப்படி, தண்ணீர் எங்கே பிடித்தார்கள் என்று தொடங்குங்கள். பேச்சு தானே அங்கே போகும். போகவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிட்டு இன்னொரு நாள் போங்கள். பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேட்பது கட்டாயம்.

படி 5: கதையை மலையோடு உரசிப் பாருங்கள்

"1905-ல் கொலைகாரன் ஊட்டியில் ரயிலேறித் தப்பித்தான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ரயில் குன்னூர் வந்தது 1899-ல், ஊட்டிக்கு வந்தது 1908-ல்தான். மழையும் அப்படித்தான். ஜூலையில் நடுவட்டம், அவலாஞ்சி பக்கம் விடாமல் கொட்டும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். ஜூலை மாதக் கோத்தகிரிக் கதையில் வெள்ளம் பாதையை அடைத்தது என்று வந்தால், மாதம் தப்பா, ஊர் தப்பா என்று தேடுங்கள்.

கல்லறைக் கல்வெட்டும் நல்ல சாட்சி. ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலய வளாகம் போன்ற இடங்களில் பாசி பிடித்த எழுத்தைச் சுண்ணாம்பு தேய்த்தோ கம்பி பிரஷ் போட்டோ படிக்காதீர்கள், கல் போய்விடும். டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும், படம் எடுத்துக்கொள்ளலாம்.

நோட்டில் எப்போதும் கோடு போட்டு மூன்று கட்டம் பிரியுங்கள். என்ன சொல்லப்பட்டது, யார் சொன்னது, சம்பவம் நடந்து எத்தனை காலம் கழித்துச் சொன்னது. மூன்றாவது கட்டம்தான் உங்களைக் காப்பாற்றும்.

படி 6: சட்டம்

1994-ல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதை தொடர்பாக, உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. நீதிமன்றப் பதிவு போன்ற பொது ஆவணத்தில் இருப்பதை அனுமதி இல்லாமலே எழுதலாம். அதைத் தாண்டி ஒருவருடைய அந்தரங்கத்துக்குள் போனால் பொறுப்பேற்க வேண்டும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடக்கூடாது. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 72 இதற்குத்தான், குழந்தைகளுக்கு போக்ஸோ சட்டமும் உண்டு. மலையில் ஊர்ப்பெயர், எஸ்டேட் பெயர், தகப்பன் வேலை என்று மூன்றைச் சொன்னால் போதும், ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவற்றையும் மாற்றுங்கள். இறந்தவரைப் பற்றி அவதூறாக எழுதுவதும், குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால், குற்றமாகலாம். விடுதலையானவரை விடுதலையானவர் என்றே எழுதுங்கள். ஊர் வேறு மாதிரி பேசினாலும் சரி.

படி 7: எழுதுவது

முதல் பத்தியில் ரத்தம் வேண்டாம். இறந்தவர் சாவதற்கு முந்தைய வாரம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று தொடங்குங்கள். காகிதத்தில் இருப்பதும் வாய்மொழியும் முரண்பட்டால் இரண்டையும் வாசகர் முன் வையுங்கள். உரையாடலைக் கற்பனை செய்யாதீர்கள். சாட்சி சொன்ன வார்த்தை தீர்ப்பில் இருந்தால் அதுவே போதும்.

எழுதி முடித்ததும், வெளியிடுவதற்கு முன், குடும்பத்தில் யாராவது இருந்தால் நேரில் போய்ப் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொல்லும் வரியைக் குறித்துக்கொண்டு, அது இல்லாமல் கட்டுரை நிற்குமா என்று பாருங்கள். பெரும்பாலும் நிற்கும். உங்களிடம் பேசிய ஒவ்வொருவருக்கும் அச்சிட்ட பிரதி ஒன்றைக் கொடுங்கள். கண் தெரியாத பெரியவர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே வாசியுங்கள், நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.