இணையதளத்தை மாற்றும் முன்: செட்டிநாட்டு வணிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி வட்டாரத்தில் இணையதளத்தை மாற்றும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. பக்கத்துக் கடைக்காரர் புதுத் தளம் போட்டிருப்பார். அல்லது சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன், ‘நம் தளம் பழையதாகத் தெரிகிறதே அப்பா’ என்று சொல்லியிருப்பார். மறுவாரமே யாருக்காவது முன்பணம் கொடுத்தாகிவிடும். வாங்க வருகிறவருக்கு அந்தத் தளத்தில் என்ன சிரமம் என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

என்னைக் கேட்டால், எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். தளம் உரிமையாளருக்கு அலுத்துப்போவது வேறு. வாடிக்கையாளருக்குப் பயன்படாமல் போவது வேறு. தினமும் பார்க்கும் உங்களுக்கு அலுக்கத்தான் செய்யும். பெங்களூரில் வீடு கட்டிக்கொண்டு ஆத்தங்குடி டைல்ஸ் தேடுகிறவர் அதை முதன்முறையாகப் பார்க்கிறார்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் தொழிலோடு தொடர்பில்லாத ஒருவரிடம் அவருடைய கைபேசியிலேயே தளத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ‘பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எவ்வளவு செலவாகும், கோயம்புத்தூருக்கு அனுப்புவார்களா, இதைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள்’ என்று கேட்டுவிட்டு, உதவாமல் பக்கத்தில் உட்காருங்கள். அவருடைய விரல் எங்கே தடுமாறுகிறது என்று மட்டும் கவனியுங்கள். சதுர அடி விலை எங்கும் இருக்காது. தொலைபேசி எண் படமாகப் போடப்பட்டிருக்கும். தொட்டால் அழைப்பு போகாது. வாட்ஸ்அப் எண் பழையதாக இருக்கும். இவற்றைச் சரிசெய்ய அரை நாள் போதும்.

டைல்ஸ் தொழிலில் வரும் இன்னொரு புகார், ‘படத்தில் பார்த்த நிறம் வரவில்லை’ என்பது. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் மேல் அச்சு வைத்து, நிறக் கலவையைக் கையால் ஊற்றி, சிமென்ட்டும் மணலும் சேர்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். அதனால் கல்லுக்குக் கல் சிறு வேறுபாடு இருக்கத்தான் செய்யும். பளிச்சென்று திருத்திய படங்களை எடுத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களைப் போட்டு, இந்த வேறுபாட்டைப் பற்றி இரண்டு வரி எழுதினால் புகார் பெருமளவு குறையும். புது வடிவமைப்பில் அதே படங்களை ஏற்றினால் புகாரும் கூடவே வரும்.

‘தளம் மெதுவாகத் திறக்கிறது, அதனால் மாற்றிவிடலாம்’ என்பதையும் அவசரப்பட்டு நம்ப வேண்டாம். கண்டாங்கிச் சேலை விற்கும் தளங்களில் பெரும்பாலும் குற்றவாளி படங்கள்தான். கட்டமும் கரையும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று, கைபேசியில் எடுத்த படத்தைச் சுருக்காமல் அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் பல எம்பி. கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ், தளத்தின் வேகத்தை அளக்கும் இலவசக் கருவி. அதில் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. படங்களைச் சுருக்கிய பிறகு மறுபடி அளந்துவிட்டு முடிவெடுங்கள். வீட்டு ஓட்டில் ஒழுகினால் ஓட்டைத்தான் மாற்றுகிறோம். முகப்பையும் உள்முற்றமான வளவையும் இடிப்பதில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: உண்மையிலேயே மாற்ற வேண்டிய தளத்தை ஒட்டுப் போட்டே ஓட்டுவது. கைபேசியில் எழுத்து பொடியாகி, விரலால் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியிருந்தால் தயங்க வேண்டாம். கூகுள் இப்போது தளங்களின் மொபைல் வடிவத்தை வைத்துத்தான் பட்டியலிடுகிறது; 2024 ஜூலைக்குப் பிறகு, மொபைலில் திறக்கவே முடியாத தளங்களை அது சேர்ப்பதில்லை. விலையை மாற்றக்கூட ஒவ்வொரு முறையும் தளம் செய்தவரைத் தேடி அலைய வேண்டியிருப்பது இன்னொரு அறிகுறி. அடியில் ஓடும் மென்பொருளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோவது அதைவிட ஆபத்தானது. பல தளங்களை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பியின் 7.4 பதிப்புக்கு 2022 நவம்பரிலேயே திருத்தங்கள் நின்றுவிட்டன. தொழிலே மாறியிருந்தாலும், உதாரணமாகப் பூர்வீக வீடு தங்கும் விடுதியாகியிருந்தாலும், பழைய தளத்தை இழுத்துப் பிடிப்பதில் பயனில்லை.

தமிழ்த் தளங்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பக்கங்கள் இன்னும் சில ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும், தேடுபொறிக்கும் அதேதான். ‘செட்டிநாட்டுப் பலகாரம்’ என்று தேடுகிறவருக்கு அந்தக் கடை அகப்படாது. எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு உரையை மாற்றினாலே இது தீரும்.

சரி, மாற்றுவது என்றே முடிவாகிவிட்டது. நல்ல தொழில்கள் அடிபடுவது இந்தக் கட்டத்தில்தான். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பாரம்பரிய விடுதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து வருடத்தில் பயணக் கட்டுரைகளும் வழிகாட்டிகளும் அதன் அறைகள் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்திருக்கும். புதுத் தளத்தில் அந்தப் பக்கத்தின் முகவரி மாறுகிறது. பழைய இணைப்பைத் தொட்டவருக்கு ‘பக்கம் இல்லை’ என்று வருகிறது. அவர் அடுத்த விடுதிக்குப் போய்விடுகிறார். கூகுளும் பழைய முகவரியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது. தளம் அழகாகிவிட்டது, முன்பதிவு குறைந்துவிட்டது, ஏனென்று வீட்டில் யாருக்கும் புரியாது.

இதைத் தடுப்பது கடினமே இல்லை. வேலை தொடங்கும் முன் பழைய முகவரிகள் அத்தனையையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் புதுத் தளத்தில் எங்கே போக வேண்டும் என்று எதிரே குறிக்கச் சொல்லுங்கள். அதன்படி நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். அதைக் குறைந்தது ஒரு வருடம் எடுக்கக் கூடாது என்று கூகுளே சொல்கிறது. எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று சிலர் சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். தளத்தைச் செய்யும்போது தேடுபொறி பார்க்காமலிருக்க ஒரு தடை வைப்பார்கள். திறப்பு நாளில் அது எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். மறந்துவிட்டால் முழுத் தளமும் கூகுளிலிருந்து மறைந்துவிடும். தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் உங்கள் பெயரிலேயே கணக்கு இருந்தால் இதையெல்லாம் நீங்களே பார்க்கலாம்.

டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயர், யார் பெயரில் இருக்கிறது என்பதையும் முன்பணத்துக்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தளம் செய்தவரின் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலும் பதிவாகியிருந்தால், அவரோடு மனக்கசப்பு வந்த அன்று உங்கள் கடைப் பெயரே கையில் இருக்காது. இலவசமாகக் கிடைத்த முகவரியை நம்புவதும் இதே கதைதான். கூகுள் தன் வணிகப் பக்கங்களோடு இலவசமாகத் தந்த தளங்களை 2024 மார்ச்சில் நிறுத்தியது. அட்டையிலும் பையிலும் அந்த முகவரியை அச்சடித்திருந்தவர்கள் அதையெல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று.

புதுத் தளத்தைத் திறக்கும் நாளையும் யோசித்து வையுங்கள். பலகாரக் கடைக்குத் தீபாவளிக்கு முந்தைய மாதம் வேண்டாம். வெளிநாட்டுப் பயணிகள் வரும் விடுதிக்கு டிசம்பர், ஜனவரி வேண்டாம். கோடையில், வாரத் தொடக்கத்தில், தளம் செய்தவர் அடுத்த மூன்று நாள் ஊரில் இருப்பார் என்று உறுதிசெய்துகொண்டு மாற்றுங்கள். பழைய தளத்தின் முழுப் பிரதியையும் உங்கள் கணினியில் வாங்கி வைத்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.