புதுக் குடியிருப்புக்கு முதலில் எழுத வேண்டிய விதிகள்

எங்கள் அடுக்ககத்தில் 24 வீடுகள். 2018-இல் குடியேறினோம். அப்போது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிந்துவிட முடிந்தது, அது சுலபமாக இருந்தது. சேர்ந்து வாழ்வதற்கான விதிகளைத்தான் முதல் மாதமே, சண்டை வரும் முன் எழுதிக்கொள்ளுங்கள்.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டபோது நாங்கள் விதியில்லாமல் மாட்டிக்கொண்டோம். லாரி வந்த அரை மணியில் தொட்டி காலி. யார் பிடித்து வைத்தது என்று ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைப் பார்த்தோம். (சரி, நானும் நாலு குடம் கூடுதலாகப் பிடித்தேன்.) அப்புறம்தான் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்று வைத்தோம். செயலாளர் வீட்டுக்கும் அதேதான். மோட்டார் அறைச் சாவி வாரத்துக்கு ஒரு வீட்டில் இருக்கும்.

வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கு லிஃப்ட் கிடையாது என்று யாராவது சொல்வார்கள். அதை எழுத விடாதீர்கள். காவலாளிக்குக் கழிப்பறையும் மின்விசிறியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வண்டி நிறுத்த இடம் பிரிக்கக் குலுக்கல் போதும். வரவு செலவை மாதாமாதம் பலகையில் ஒட்டுங்கள். பராமரிப்புப் பணம் தராதவர் பெயரை மட்டும் ஒட்டாதீர்கள். கதவைத் தட்டிக் கேளுங்கள். எங்கள் மாடியில் அப்படி ஒருவருக்கு வேலை போயிருந்தது.